பராக்குப் பார்க்கிறவன் மடி

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை எழுந்து நின்று இரண்டடி நடந்த உடனே அதன்மேல் விழுகிற முதல் குற்றச்சாட்டு, 'பராக்குப் பாக்காத' என்பதுதான். மற்ற பிள்ளைகளுக்கு அது பால்பல் போல ஒரு வயதில் தானாக உதிர்ந்துவிடும். எனக்கு உதிரவில்லை. முன் மண்டையில் முடி கழன்று, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகிக் கண்ணாடியும் போட்டுக்கொண்ட பிறகும், சொந்தக்காரர்கள் என்னை அடையாளம் சொல்லும்போது 'கணக்கு வாத்தியார்' என்று சொல்வதில்லை. 'நம்ம பராக்கு இருக்கான்லா, அவன்' என்கிறார்கள். கேட்கிறவருக்கும் உடனே ஆள் விளங்கிவிடுகிறது. அதுதான் வருத்தம்.

பராக்கு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் என்னைக் காட்டிவிடலாம். ஆனாலும் விளக்கம் வேண்டும் அல்லவா? செய்து கொண்டிருக்கிற காரியத்தில் கையை மட்டும் விட்டுவிட்டு, கண்ணும் மனசும் வேறொன்றின் பின்னால் போய்விடுவதுதான் பராக்கு. இதை மறதி என்று நினைப்பது தப்பு. மறதிக்காரன் கடை வாசலில் வந்து நின்று, என்ன வாங்க வந்தோம் என்று தலையைச் சொறிவான். பராக்குக்காரனுக்கு என்ன வாங்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். கடைக்குத்தான் இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். சோம்பல் என்று சொல்வதும் அநியாயம். சோம்பேறி நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவான். பராக்குக்காரன் உச்சி வெயிலில் நிற்பான். ஒரு ஜேசிபி குழி தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, தோண்டி முடித்து, ஓட்டுநர் இறங்கிச் சாயா குடிக்கப் போகிறவரைக்கும் நின்று பார்ப்பது என்ன லேசான வேலையா? அந்த ஓட்டுநருக்குக்கூட இடையில் அலுத்துவிடும். எனக்கு அலுத்ததில்லை.

அந்தக் காலத்தில் ராஜா சபைக்கு வரும்போது கட்டியக்காரன் முன்னால் வந்து 'பராக்! பராக்!' என்று கூவுவானாம். எல்லாரும் கவனியுங்கள் என்று அதற்கு அர்த்தமாம். இந்த இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டா, உண்டென்றால் எந்த வழியில் என்று தமிழ் வாத்தியாரிடம் ஒருநாள் கேட்டேன். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் கம்பியில் ஒரு ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு வந்ததால் பாதிதான் கேட்டது. ஒன்று மட்டும் நிச்சயம். அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்திருந்தால், ஒரு தடவை கூவிவிட்டு மாடத்துப் புறாவைப் பார்த்து நின்றிருப்பேன். ராஜா தாமே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

சின்ன வயதில் அப்பா என்னை வயலுக்கு மடை பார்க்க அனுப்புவார். மடை பார்ப்பதென்றால், வாய்க்கால் தண்ணீர் நம் வயலுக்குள்தான் போகிறதா என்று பார்த்து நிற்பது. நானும் பார்த்துத்தான் நிற்பேன். மடைக்கு மேலே கம்பியில் உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தியை. அப்பா வந்து சேரும்போது அடுத்த வயல்காரர் வரப்பில் நின்றபடி எனக்குக் கும்பிடு போட்டுக் கொண்டிருப்பார், அவர் வயல் நிறைந்திருக்கும்.

"ஏலே, தண்ணி எங்க போகு, நீ எங்க பாக்க?" என்பார் அப்பா. அந்தக் கேள்வியை இப்போது நானே வகுப்பில் கேட்கிறேன். "ஏலே, கரும்பலகை இங்க இருக்கு, நீ எங்க பாக்க?" ஒரு தடவை பையன் ஒருத்தன் எழுந்து, "சார், நீங்க எங்க பாக்கியளோ அங்கதான் பாக்கேன்" என்றான். உண்மைதான். மைதானத்தில் ஒரு நாய் வலையில் மாட்டிய பந்தை எடுக்கப் பார்த்துக் கொண்டிருந்தது. நாற்பது பேரும் நானும் அது எடுக்கிறவரை பார்த்தோம். பிறகு தேற்றத்தைத் தொடர்ந்தோம். எந்தத் தேற்றம் என்று கேட்காதீர்கள்.

இதே சொல்லுக்கு இன்னொரு புழக்கமும் உண்டு. 'பராக்குக் காட்டுதல்.' பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, 'அன்னா காக்கா, பாரு காக்கா' என்று காட்டி, வாய் திறக்கிற நேரத்தில் உருண்டையை உள்ளே தள்ளுவது. டாக்டர் ஊசி எடுக்கும்போது மேலே சுற்றுகிற ஃபேனைக் காட்டுவது. பராக்குப் பார்க்கிறவனை ஊர் திட்டும், காட்டுகிறவளை 'என்ன சாமர்த்தியம்' என்று மெச்சும். இரண்டும் வேறு வேறு தொழில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் தங்கச்சி மகளுக்குக் காது குத்துகிற வரை.

தங்கச்சியின் மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்க்கிறார். லீவு கிடைத்து வந்தவர், திரும்பிப் போவதற்குள் மகளுக்குக் காதுகுத்தை முடித்துவிட வேண்டும் என்று நாள் பார்த்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில் இருந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். பியூட்டி பார்லரில் துப்பாக்கி போன்ற ஒன்றை வைத்து 'டக்'கென்று குத்துகிற காலம் வந்துவிட்டாலும், எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கோயில் மண்டபம், ஆசாரி, தங்கக் கம்பி, மாமன் மடி. மாமனுக்கு வேறு தகுதி வேண்டாம். படிப்பு வேண்டாம், பதவி வேண்டாம். ஒரு மடி இருந்தால் போதும். அது என்னிடம் இருந்தது. போன வருஷங்களில் கொஞ்சம் விரிந்தும் இருந்தது.

தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லுகேன். கோவப்படாத என்னா?"

"சொல்லு."

"பிள்ளைய நம்ம பெரியண்ணன் மடியில இருத்தலாம்னு பாக்கோம்."

பெரியண்ணன் என்பவர் எங்கள் பெரியம்மா மகன். வங்கியில் அதிகாரி. ஒரு பொருளைப் பார்க்க ஆரம்பித்தால் அந்தப் பொருளே வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்கிற அளவுக்கு உற்றுப் பார்க்கிற மனிதர். அவரும் முறைக்கு மாமன்தான். ஆனால் கூடப் பிறந்த மாமன் கல் மாதிரி இருக்கும்போது பெரியம்மா மகன் மடிக்குப் பிள்ளை போவதென்றால், அதை எங்கள் ஊரில் யாரும் சும்மா விட மாட்டார்கள். தங்கச்சிக்கும் அண்ணனுக்கும் சண்டை என்பார்கள். இல்லை, சீர் செய்ய மனசில்லாமல் ஒதுங்கிவிட்டான் என்பார்கள். சீருக்குக் கம்மல்கூட நான் வாங்கி வைத்தாயிற்று.

"என் மடிக்கு என்ன கேடு பிள்ளே?"

"மடிக்கு ஒண்ணுமில்ல. உனக்க கண்ணுதான். ஆசாரி குத்தப்பட்ட நேரத்துல நீ எங்கயாவது பராக்குப் பாத்து, கையி அயந்து, பிள்ளை தலைய வெடுக்குனு திருப்பிட்டுன்னு வையி, கம்மலு கன்னத்துலயா மாட்டுகதுக்கு?"

நான் பதில் சொல்லுமுன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி போனை வாங்கிவிட்டாள். எனக்காகப் பரிந்து பேசப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நீ சொல்லுகது சரிதான். வட்டக்கோட்டையில என்ன நடந்துன்னு ஓர்மை இருக்கா?" என்றாள்.

"அத மறப்பனா மைனி!"

வட்டக்கோட்டையில் நடந்தது இதுதான். மாப்பிள்ளை முந்தின லீவில் வந்தபோது எல்லாருமாகப் போயிருந்தோம். பிள்ளைக்குச் சோறும் பாலும் வைத்திருந்த பை என் தோளில். கோட்டை மதில்மேல் நின்று கடலைப் பார்த்தேன். ஒரு பக்கம் தண்ணீர் ஒரு நிறமாகவும் இன்னொரு பக்கம் வேறு நிறமாகவும் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, நம் ஆட்கள் நகர்கிறார்கள் என்று நினைத்து, கூட நடந்தவர்களோடு நானும் நடந்தேன். நடுநடுவே கையை நீட்டி, "அங்க பாருங்கோ, என்ன நிறம்!" என்று சொல்லவும் செய்தேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். சரிவில் இறங்கி வேன் கதவு திறந்த பிறகுதான் தெரிந்தது, அது வடநாட்டுக் குடும்பம். என்னைக் கைடு என்று நினைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, காசு நீட்டினார். மேலே என் மருமகள் பசியில் போட்ட அலறல் கடல் இரைச்சலைத் தாண்டிக் கீழே கேட்டது.

இவ்வளவு கேட்ட பிறகும் நான் விடவில்லை. "எனக்க மடியில இருந்து பிள்ளைய எடுத்தா, நான் அந்தப் பந்தியில ஒரு வாய் பாயசம் தொட மாட்டேன்" என்றேன். நான் பாயசம் குடிக்காமல் இருப்பேன் என்றால் விஷயம் எல்லை தாண்டிவிட்டது என்பது தங்கச்சிக்குத் தெரியும்.

"சரி. ஆனா பெரியண்ணன் பக்கத்துலயே இருப்பாரு. நீ ஒரு மட்டம் அங்க இங்க திரும்பினா போரும், பிள்ளைய எடுத்து அவருக்க மடியில வச்சிருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லப்பிடாது."

"சம்மதம்."

அன்று சாயங்காலமே என் மனைவி பயிற்சி வகுப்பைத் தொடங்கிவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு தடியங்காய் கிடந்தது. வெளியூரில் இதைப் பூசணிக்காய் என்பார்கள், மேலே சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். எடையிலும் உருவத்திலும் என் மருமகளுக்குக் கிட்டத்தட்ட வரும், முகம் மட்டும் சற்று அமைதி. அதற்கு இரண்டு பக்கமும் சந்தனப் பொட்டு வைத்து என் மடியில் கொண்டு வைத்தாள்.

"இந்தப் பொட்டுல இருந்து கண்ண எடுக்கப்பிடாது. நான் என்ன சொன்னாலும் சரி."

"நீ சொல்லு."

"அன்னா மயிலு!"

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். மயில் வருவது உண்டு. திரும்பினேன். மயில் இல்லை.

"போச்சு. பிள்ளைக்குக் காது போச்சு," என்றாள். "மறுபடியும். பொட்டப் பாருங்கோ. யாரோ கேட்டத் தெறக்காங்க!"

திரும்பினேன்.

"ஏங்க, இதுக்கும் திரும்புனா எப்பிடி? நான் பொய்தான் சொல்லுகேன்னு தெரியும்லா?"

"தெரியும். ஆனா எந்தப் பொய்னு பாக்காண்டாமா?"

மூன்றாவது தடவை அவள் ஒன்றுமே சொல்லவில்லை. சும்மா என் பின்னால் நின்றாள். என்ன செய்கிறாள் என்று பார்க்கத் திரும்பினேன். தடியங்காய் உருண்டு போய்க் கட்டில் காலில் முட்டியது. மறுநாள் அதை வெட்டி ஓலன் கறிக்குப் போட்டாள். தட்டில் விழுந்த துண்டு ஒவ்வொன்றும் என்னைப் பார்ப்பது போலிருந்தது.

காதுகுத்து நாள் வந்தது. கோயில் எங்கள் ஊர் அம்மன் கோயில்தான். மண்டபத்துக்கு மூன்று பக்கமும் சுவர் கிடையாது. இடது பக்கம் ரோடு. வலது பக்கம் சமையல் பந்தல். நேரே வயலும் அதற்கப்பால் மலையும். பராக்குப் பார்க்கிறவனுக்குச் சோதனைக்கூடம் கட்ட வேண்டும் என்று ஒருவர் வரைபடம் போட்டிருந்தால் இதைவிடச் சிறப்பாகப் போட்டிருக்க முடியாது.

புது வேட்டியை இறுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மருமகளை மடியில் வைத்தார்கள். மூன்று வயது முடியவில்லை. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலை. பட்டுப்பாவாடை. என்னை நிமிர்ந்து பார்த்து, "மாமா, எதுக்கு எல்லாரும் நிக்கா?" என்றாள்.

"சும்மா மக்களே."

"சும்மாவா?" என்று கேட்டுவிட்டு எல்லாரையும் வரிசையாகப் பார்த்தாள். சும்மா இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எதிரே ஆசாரி. வாயாடி மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை நகர்த்திக் கம்பியை எடுத்து வைத்தார். "சாரே, தலைய இளக விடாதீரும். மிச்சத்த நான் பாத்துக்கிடுகேன்" என்றார். எனக்கு வலது பக்கத்தில் பெரியண்ணன், மாற்று ஆட்டக்காரர் மாதிரி, ஏற்கெனவே சம்மணம் போட்டுத் தயாராக இருந்தார். மடியில் துண்டுகூட விரித்திருந்தார். பின்னால் தங்கச்சி. அவள் மூச்சு என் பிடரியில் பட்டது.

பெண் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். அந்தச் சந்தனப் பொட்டைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது பந்தல் பக்கம் ஒரு பெரிய பாத்திரம் விழுந்த சத்தம். எது? சாம்பாரா, பாயசமா? பார்க்கவில்லை. "ஐயோ மாடு, மாடு, இலையத் திங்கு!" என்று யாரோ கத்தினார்கள். பார்க்கவில்லை. மாடு எவ்வளவு தின்றது, யார் துரத்தினார்கள், ஒன்றும் பார்க்கவில்லை. ரோட்டில் ஒரு பேண்டு செட்டு கடந்து போனது. கல்யாணமா, பெருநாளா, கட்சிக் கூட்டமா? கடவுளே. என் கழுத்து நரம்பு தானாக ரோட்டுப் பக்கம் இழுத்தது. பொட்டைப் பார்த்தேன். இந்த ஒரு காரியத்துக்காக நான் விட்டுக்கொடுத்த காட்சிகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆசாரி குத்திவிட்டார். 'க்ளுக்'. பொட்டின் நட்ட நடுவில். பிள்ளை காதைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கோயில் கோபுரத்துப் புறாவெல்லாம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

"கொள்ளாம்! மாமன் ஜெயிச்சாச்சு" என்றார் ஆசாரி. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த மரியாதை கொஞ்சம் தெரிந்தது. நான் அதையும் பார்க்கவில்லை, பிறகு சொன்னார்கள்.

ஆனால் காது இரண்டு அல்லவா? வலியென்றால் என்ன என்று தெரிந்துவிட்ட பிள்ளை வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துவிட்டது. ஆசாரி கம்பியோடு கிட்டே வந்தால் உதை. அந்தச் சின்னக் காலால் அவருடைய நெற்றிக் கண்ணாடி பறந்து தேங்காயின்மேல் விழுந்தது.

உடனே குடும்பமே பராக்குக் காட்டத் தொடங்கியது. மாப்பிள்ளை போனில் பொம்மைப் படம் போட்டு நீட்டினார். என் மனைவி வளையலைக் கழற்றிக் கிலுக்கினாள். தங்கச்சி, "அன்னா பாரு மக்களே, காக்கா! காக்கா!" என்றாள். காக்கா எங்கேயும் இல்லாததால் அந்தப் பொறுப்பைப் பெரியண்ணன் ஏற்றுக்கொண்டார். கடன் விண்ணப்பங்களைக் கண்ணிமைக்காமல் பார்த்துத் திருப்பி அனுப்புகிற அந்த மனிதர், கைகளை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு, "கா! கா!" என்று கரைந்தார். அதைப் பார்த்து ஆசாரிகூட வேலையை மறந்துவிட்டார்.

பிள்ளை என் கழுத்திலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது. போனைப் பார்க்கவில்லை, வளையலைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவர் கண்ணாகப் பார்த்தது. அங்கே பாரு என்று சொல்கிற ஒருவரும் அங்கே பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அதன் காதில்தான் இருந்தது. காக்காவின் கண்கூட. 'எனக்குத் தெரியாதா உங்க சங்கதி' என்பதுபோல் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, காதைப் பொத்திய கையை இன்னும் இறுக்கியது.

"நேரம் போகு கேட்டேளா," என்றார் ஆசாரி. "மொதக் காது வீங்கியாச்சுன்னா பொறவு பிள்ளை கிட்டயே விடாது. இன்னொரு நாள்தான் பாக்கணும்."

இன்னொரு நாள் என்றால் மாப்பிள்ளை இருக்க மாட்டார். தங்கச்சியின் முகம் விழுந்துவிட்டது. அவள் என் முன்னால் வந்து குனிந்து, சத்தத்தைக் குறைத்து, "அண்ணா, பிள்ளைய இஞ்ச தா. பெரியண்ணன் பெலமாப் பிடிச்சுக்கிடுவாரு. இனி வேற வழியில்ல" என்றாள்.

"நான் அங்க இங்க பாக்கவே இல்லியே பிள்ளே!"

"இல்ல. பாக்கல்ல. ஆனா காரியம் நடக்காண்டாமா?"

நியாயம்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பராக்குப் பார்க்காமல் இருந்தும் மடி போகிறது. பெரியண்ணன் காக்கா வேலையை நிறுத்திவிட்டு, விரித்த துண்டைத் தட்டிச் சரிசெய்தார். சுற்றி நின்ற சொந்தமெல்லாம் ஒருவரையொருவர் பார்த்தது. இன்று மத்தியானத்துக்குள் இது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளையைத் தூக்கக் கை இரண்டையும் அதன் கக்கத்தில் கொடுத்தேன்.

அப்போது இடது பக்கம் ரோட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதை ஒரு யுக்தி என்று பிறகு சிலர் மெச்சினார்கள். யுக்தி எல்லாம் என் மண்டையில் கிடையாது. மடி போய்விட்டது, இனிப் பொட்டைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. ஒரு ஆள் பெரிய கிடா ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து அந்த ஆட்டோவில் ஏற்றப் பார்த்தார். கிடா முன்னங்காலை ஊன்றி நின்றது. ஓட்டுநர் மறுபக்கம் இறங்கிப் போய், உள்ளே குனிந்து கொம்பைப் பிடித்து இழுத்தார். இவர் பின்னால் நின்று தள்ளினார். கிடா யோசித்தது. பிறகு சட்டென்று மனசு மாறி உள்ளே பாய்ந்து, நிற்காமல் மறுபக்கமாக வெளியே போய்விட்டது, ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு.

"எம்மாடி!" என்றேன்.

என் வாய் திறந்தபடி இருந்தது. கழுத்துக்குள் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. என் கண் இருக்கிற இடத்தைப் பார்த்தது. அதன் காதில் இல்லை. நிஜமாகவே வேறு எங்கேயோ. உடனே தானும் திரும்பிப் பார்த்தது.

"மாமா, ஆடு!"

"ஆமா மக்களே."

"எங்க போகு?"

"அதுக்க மாமன் வீட்டுக்கா இருக்கும். பாரு, மறுபடியும் ஏத்தப் பாக்காரு."

கிடாவை இந்தத் தடவை மறுபக்கத்திலிருந்து ஏற்றினார்கள். அது இந்தப் பக்கமாக இறங்கியது. பிள்ளை கைகொட்டிச் சிரித்தது. கை கொட்டுவதென்றால் காதிலிருந்து கையை எடுத்துத்தானே கொட்ட வேண்டும்? எங்களைப் பார்த்துத் தங்கச்சியும் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். அவளைப் பார்த்து என் மனைவி. மாப்பிள்ளை. போட்டோ எடுக்க வந்தவர் கேமராவோடு திரும்பினார். கடைசியாகப் பெரியண்ணன், துண்டை மடியில் வைத்துக்கொண்டே, "வாலப் பிடிச்சுத் திருப்பணும்வே!" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார். ரோட்டுப் பக்கம் திரும்பிய பிள்ளையின் வலது காது, சந்தனப் பொட்டோடு, ஆசாரிக்கு நேராக நின்றது.

பிள்ளை ஒரு தடவை "ஸ்ஸ்" என்று தோளைக் குலுக்கியதுபோல் எனக்கு ஒரு ஞாபகம். அந்த நேரத்தில்தான் கிடா ஓட்டுநரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தது என்பதால் நான் கவனிக்கவில்லை. பிள்ளையும் கவனிக்கவில்லை. அழுவதற்கு வாயைத் திறந்து, "மாமா, ஆடு வண்டி ஓட்டுகு!" என்று சொல்லி முடித்தது.

"சாரே, முடிஞ்சாச்சு" என்றார் ஆசாரி.

யாருக்கும் கேட்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார். தங்கச்சி திடுக்கிட்டுத் திரும்பி, குனிந்து, வலது காதைப் பார்த்தாள். பொட்டின் நடுவில் தங்கக் கம்பி மினுங்கியது.

"எப்பம் குத்துனீரு?"

"இப்பம்தான். கிடா சீட்டுல ஏறிச்சில்லா, அப்பம்."

"யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. பெற்ற தாய் பார்க்கவில்லை, லீவு போட்டு வந்த தகப்பன் பார்க்கவில்லை, அதற்கென்றே சம்பளம் பேசி வந்த போட்டோக்காரர் பார்க்கவில்லை. அந்த ஆல்பத்தை இப்போது பார்த்தாலும் முதல் காதுக்கு நல்ல படம் இருக்கிறது. இரண்டாம் காதுக்கு ஒரு கிடாவின் படம் இருக்கிறது, மிகத் தெளிவாக. எந்த மடிக்காக அத்தனை பேச்சு கேட்டேனோ, அந்த மடியில் நடந்த காரியத்தை நானும் பார்க்கவில்லை.

தங்கச்சி என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"அண்ணா, உன்கிட்ட என்ன சொன்னேன்? திரும்பப்பிடாதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா."

"எங்க எல்லாருக்கும் காட்டத்தான் தெரியுது. உனக்குல்லா பாக்கத் தெரியுது," என்றாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியண்ணன் மெதுவாகத் துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

"சரி மக்கா, எழும்பு. எல்லாரும் சாப்பிடப் போட்டும்," என்றார். பந்தலில் இலை போட்டாயிற்று, மாடு தின்றது போக.

"செத்த பொறுங்க" என்றோம் நானும் மருமகளும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். கிடா இன்னும் பின் சீட்டுக்கு வரவில்லை.

தங்கச்சி பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினாள். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம், இருக்கட்டு. மாமனுக்க மடியிலயே இருக்கட்டு," என்று சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தாள்.